பாட்டு முடிந்ததும் சொல்லுங்கள்

தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில் பாக்லொம் என்று ஓர் ஊர் இருப்பதாகவும், அந்த ஊரின் சந்தையில் மீன் வரிசை முடிந்து பழ வரிசை தொடங்குகிற இடத்தில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் பதினோரு மாதம் நின்றுகொண்டே இருந்ததாகவும் நான் சொன்னால், அதெப்படி முடியும் என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். பாக்லொம்காரர்கள் அதைக் கேட்கவில்லை. இந்த மனுஷர் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்கிறாரே, பெரிய குடை யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள்.

நின்றவர் பெயர் சிங்காரவேலு. வயது ஐம்பத்தாறு. ஊருக்குத் தெற்கே கடலை ஒட்டியிருந்த இறால் குஞ்சுப் பண்ணையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்தார். முட்டையிலிருந்து வெளிவருகிற இறால் குஞ்சு ஒரு கட்டத்தை முழுசாக முடித்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும், நடுவில் ஒன்றைத் தாண்டி ஓடாது என்பது அவருடைய தொழில்பாடம், அதையே அவர் வாழ்க்கைப் பாடமாகவும் வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் சோறு முடிந்துதான் தண்ணீர். ஒரு தொட்டியின் வேலை முடியாமல் வீட்டுப் பேச்சு கிடையாது. தொட்டிகளோ மொத்தம் நாற்பது இருந்தன, ஒன்று முடிந்தால் இன்னொன்று தயாராக நிற்கும், ஆக வீட்டுப் பேச்சுக்கு முறை வந்ததே இல்லை.

அவர் மனைவி அமிர்தவல்லி பண்ணைக்குப் பின்னாலிருந்த நீலத் தகரக் கூரை வீட்டில் அதே பன்னிரண்டு வருடம் இருந்தாள். இருந்தாள் என்பதுதான் சரியான வார்த்தை, வாழ்ந்தாள் என்று சொல்ல அவளுக்கே வாய் வராது. அவளுக்குத் தெரிந்த தாய்லாந்து மொழிச் சொற்கள் முப்பதைத் தாண்டாது, அதில் பாதி காய்கறிப் பெயர். வெளிநாட்டுக்காரர்கள் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய், நாங்கள் இன்னமும் இந்த விலாசத்தில்தான் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாள்தான் அவளுக்குத் திருவிழா. நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொள்வாள். வரிசையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மற்ற தேசத்து மனிதர்களின் முகங்களை ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு திரும்பியதும் அடுத்த தொண்ணூறு நாள் தொடங்கிவிடும்.

இனி அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் இந்தக் கதை நிற்காது. அந்த நாட்டில் தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தெருக் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் தேசிய கீதம் வரும், வந்ததும் எல்லாரும் இருந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். கொதிக்கிற எண்ணெய்க்கு மேல் கரண்டி நிற்கும், மீன் வெட்டுகிற கத்தி பாதி மீனில் நிற்கும், பேரம் பேசுகிற வாய் பேரத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கும், ஒரு நிமிஷம் சந்தை முழுக்கக் கடல் சத்தமும் பாட்டுச் சத்தமும்தான். பிறகு பாட்டின் கடைசித் தாளம் விழுந்ததும் கரண்டியும் கத்தியும் பேரமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

சிங்காரவேலு வந்த புதிதில் ஒருநாள் இது தெரியாமல் பாட்டுக்கு நடுவே நடந்துவிட்டார். யாரும் திட்டவில்லை. ஒரு பெண்மணி மெதுவாக அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வெட்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. மறுநாளிலிருந்து ஊரில் அவரைப் போல நிற்கிறவர் யாருமில்லை என்று ஆகிவிட்டது. குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, கண்ணை நேராக வைத்துக்கொண்டு நிற்பார். பாட்டின் வரிகள் தெரியாது, மெட்டு மட்டும் கடைசிப் புள்ளி வரை மனப்பாடம். அந்தப் புள்ளியைக் காதால் கேட்காமல் காலை எடுக்க மாட்டார்.

அமிர்தவல்லி அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பிடித்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் புருஷன் ஓடாமல், கைப்பேசி எடுக்காமல், தொட்டி நினைப்பில்லாமல் பக்கத்தில் நிற்கிற நேரம் அது ஒன்றுதான். ஐப்பசி மாதத்து மாலை, மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது, காய் வாங்கப் போன இடத்தில் பாட்டு தொடங்கியது, அவர் நின்றார், அவளும் நின்றாள். உதட்டை அசைக்காமல் அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்.

"ஏங்க, பேசாதீங்க, கேட்டுக்கிட்டு மட்டும் நில்லுங்க. நான் ஊருக்குப் போறேன். போனா திரும்பி வர்றதா இல்ல. தங்கச்சி வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. இங்க எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க? நீங்க எங்கூட வர்றீங்களா, இல்ல இங்கயே இருக்கப் போறீங்களா? ரெண்டுல ஒண்ணு. இந்தப் பாட்டு முடிஞ்சதும் சொல்லுங்க."

பாட்டு முடியவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும், மலைப்பக்கம் ஓர் இடி, சந்தை விளக்குகள் எல்லாம் அணைந்தன, ஒலிபெருக்கி ஒரு சொல்லின் நடுவில் வாயை மூடிக்கொண்டது. மழைக்காலத்தில் மின்சாரம் போவது பாக்லொமில் அதிசயமில்லை. சந்தை ஜனம் மீதிப் பாட்டை மனசுக்குள்ளேயே முடித்துக்கொண்டு, மழைக்கு முன்னால் கடையைக் கட்ட ஓடியது. சிங்காரவேலு நின்றார்.

அமிர்தவல்லி முதலில் கோபம் என்று நினைத்தாள். பிறகு யோசிக்கிறார் என்று நினைத்தாள். மழை அவர் தலையில் விழுந்து மூக்கு நுனியில் சொட்டத் தொடங்கிய பிறகுதான் கையைப் பிடித்து இழுத்தாள். கை சூடாக இருந்தது, மார்பு ஏறி இறங்கியது, கண் மெல்ல ஒருமுறை மூடித் திறந்தது, ஆனால் ஆள் நகரவில்லை. மீன் வரிசையிலிருந்து ஆறு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள். தினமும் ஐஸ் பெட்டிகளைத் தோளில் சுமக்கிற ஆட்கள், அவர்களாலேயே அவர் செருப்பைத் தரையிலிருந்து கிளப்ப முடியவில்லை. நங்கூரம் போட்ட படகு என்று சொல்லி அவர்கள் வணங்கிவிட்டு விலகினார்கள்.

மறுநாள் மருத்துவர் ஒருவர் வந்து நாடி பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். கோயிலிலிருந்து ஒரு பிக்கு வந்து, அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து, மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு கட்டி, "நிற்கிறவரை நிற்க விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று காலையிலும் மாலையிலும் பாட்டு முழுசாகத்தான் வந்தது, ஊரே நின்று ஊரே நகர்ந்தது, அவர் மட்டும் நகரவில்லை. அது வேறு நாளின் பாட்டு, அவர் நின்ற பாட்டு அது இல்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சந்தை அவருக்கு இடம் விட்டது. பப்பாளி சாலட் இடித்து விற்கிற லம்யாய்ப் பெரியம்மா, பல வருடத்துக்கு முன்னால் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திய அதே பெண்மணி, தன் கடையை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கணவாய் மீன் சுடுகிறவள் தன் அடுப்புப் புகை அவர் முகத்தில் அடிக்கிறதென்று வேறு மூலைக்குப் போனாள். பெரிய குடை வந்தது, மழைக்கு மேலே தார்ப்பாய் வந்தது, வெள்ளிக்கிழமை தோறும் நாவிதர் வந்து முகம் மழித்து முடி திருத்தினார். சந்தைக்கு வருகிறவர்கள் வழி சொல்லும்போது, சிங்கைத் தாண்டி இடது பக்கம் என்று சொல்லத் தொடங்கினார்கள். நீளப் பெயர்களை முதல் அசையோடு நிறுத்திக்கொள்வது அவர்கள் பழக்கம், அவர் சிங், அவள் அம்.

இப்படி ஓர் ஆள் நின்றால் கும்பிடாமல் விடுவார்களா? முதல் மாதத்திலேயே அவர் காலடியில் சாமந்தி மாலையும், அந்த ஊர் வாசல்களில் கம்பத்தின் மேல் இருக்கிற குட்டித் தேவதை வீடுகளுக்கு முன்னால் வைக்கிற சிவப்பு நிறக் குளிர்பானமும், குழாயைச் சொருகி, வரிசையாக வந்து உட்கார்ந்தன. அமிர்தவல்லிக்கு வந்ததே கோபம்.

"இவர் சாமி இல்லை, செத்தும் போகவில்லை. இவருக்கு இனிப்பே ஆகாது!" என்று, தனக்குத் தெரிந்த முப்பது சொற்களில் எட்டோ பத்தோ செலவழித்துக் கத்தினாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த ஊர் அவள் குரலைக் கேட்டது அன்றைக்குத்தான். லம்யாய்ப் பெரியம்மா பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கடைக்குக் கீழே வைத்தாள், ஒன்றை மட்டும் திறந்து அமிர்தவல்லியிடம் நீட்டினாள்.

"அவருக்கு ஆகாதுன்னா நீ குடி. காலையிலிருந்து நீ ஒண்ணும் சாப்பிடலை, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இரண்டாவது மாதத்திலேயே குடியேற்ற அலுவலகத்துக்குப் போக வேண்டிய தொண்ணூறாவது நாள் வந்தது. நகர முடியாதவரை அலுவலகத்துக்கு எப்படி அழைத்துப் போவது என்று அமிர்தவல்லி தவித்துக்கொண்டிருக்க, குடியேற்ற அதிகாரி தானே காகிதக் கட்டோடு சந்தைக்கு வந்தார். சீருடையில் மடிப்புக் கலையாத மனிதர். சிங்காரவேலுவுக்கு எதிரே நின்று, போட்டோவை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். விலாசம் என்ற கட்டத்தில் பழைய வீட்டை அடித்துவிட்டு, ஊர்ச் சந்தை, மீன் வரிசைக்கும் பழ வரிசைக்கும் நடுவில் என்று எழுதினார். தங்கியிருக்கும் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பண்ணை அவர் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டிருந்தது.

"அம்மா, இவர் எதற்காக இங்கே இருக்கிறார்?"

"எனக்கு ஒரு பதில் சொல்லணும்."

"நீங்கள்?"

"அந்தப் பதிலைக் கேட்கணும்."

அதிகாரி இரண்டு பேர் காகிதத்திலும் காத்திருப்பு என்று எழுதி, முத்திரை குத்தி, லம்யாய்ப் பெரியம்மாவிடம் ஒரு பொட்டலம் பப்பாளி சாலட் வாங்கிக்கொண்டு போனார். அப்படி ஒரு பிரிவு விதிகளில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. முத்திரை விழுந்துவிட்டால் பிரிவும் வந்துவிடும் போலிருக்கிறது.

காத்திருக்கிறவள் சும்மா எவ்வளவு நாள் உட்கார்ந்திருப்பாள்? கணவாய்க்காரி விட்டுப்போன இடத்தில் ஒரு வாணலியை வைத்து அமிர்தவல்லி பருப்பு வடை சுடத் தொடங்கினாள். முதலில் அது யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு அவர்களே அதை நாலாகப் பிய்த்து, இனிப்பு மிளகாய்க் குழம்பில் முக்கி, மேலே வெள்ளரித் துண்டு வைத்துத் தின்றார்கள். வடைக்கு இப்படியொரு கதி வரும் என்று அவள் நினைத்ததில்லை, தானும் ஒன்றைத் தின்றுபார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. முப்பது சொல் முந்நூறானது, முந்நூறு எண்ணிக்கைக்கு அடங்காமல் போனது. யாருக்கு யாரோடு பேச்சில்லை, யார் மருமகள் யாரை மதிப்பதில்லை, எந்தப் படகு எப்போது வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. மாம்பழக்காரியின் பிரசவத்துக்கு ஓடினாள். ஐஸ்காரர் மனைவி இறந்தபோது ஏழு நாளும் கோயில் சமையலில் நின்றாள். காலையில் சந்தைக்கு வந்ததும் புருஷனின் கால்களை வெந்நீரால் துடைத்து, தேங்காயெண்ணெய் தேய்ப்பாள். தேய்க்கும்போது நேற்றைய கதைகளை அவருக்குச் சொல்லுவாள். பன்னிரண்டு வருடத்தில் பேசாததை எல்லாம் அந்தக் கால்களிடம் பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காவது மாதத்தில் பிரசெட் வந்தார். நகராட்சியில் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்கிறவர், மெலிந்த மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவர் இருக்கும். அதற்கு முந்தைய நாள் மாலை பாட்டுக்கு நடுவே மறுபடியும் மின்சாரம் போயிருந்தது, எல்லாரும் ஒரு கணம் தயங்கி, மனசுக்குள் முடித்து, நகர்ந்ததை அவர் கம்பத்தின் மேலிருந்து பார்த்திருந்தார். வடை ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்.

"அம், உன் புருஷன் எங்கே சிக்கியிருக்கார்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்குப் பாட்டு பாதியிலே அறுந்துது. நாங்க உள்ளூர்க்காரங்க, மீதியை மனசிலே பாடிக்கிட்டோம். அவர் வெளியூர்க்காரர், காதாலே கேட்டாத்தான் அவருக்கு முடிஞ்ச மாதிரி. அந்த மீதியை நாங்க அவருக்குக் கொடுக்கவே இல்லை. அன்னைக்கு இருந்தவங்க எல்லாரும் அதே இடத்திலே நின்னு, அறுந்த இடத்திலிருந்து வாய்விட்டுப் பாடினா அவர் நகர்ந்திடுவார். நாளைக்கே செஞ்சிடலாம்."

அமிர்தவல்லி வாணலியைப் பார்த்தாள். வடை கருகுகிற வாசம் வந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"இப்ப வேணாம்."

"ஏன்?"

"இப்ப வேணாம் பெரியப்பா. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நீங்கள் அவளைத் தூற்றலாம், தூற்றுவதற்கு முன்னால் அவள் கணக்கையும் கேளுங்கள். அவர் வரவில்லை என்று சொன்னால், தனியாகப் போகிறேன் என்று சொன்னவள் போய்த்தான் ஆக வேண்டும். அவர் வருகிறேன் என்று சொன்னால், கூப்பிட்டவள் அவள்தான், அப்போதும் போய்த்தான் ஆக வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் வாணலியும் லம்யாய்ப் பெரியம்மாவும் மாம்பழக்காரியின் குழந்தையும் இல்லாமல் போய்விடும். அவர் நிற்கிறவரைதான் அவளுக்கு ஊர் இருந்தது. தன் புருஷனைத் தன் வசதிக்காக நிற்க வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் தினமும் எண்ணெய் தேய்த்தாள், அந்த நாளிலிருந்து தேய்க்கும்போது பேசுவது நின்றுபோனது.

சித்திரையில் அவர்கள் புத்தாண்டு வந்தது. பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குகிற நாள். தெருவெல்லாம் தண்ணீர் வாரி இறைத்து ஆடிக்கொண்டிருந்த கூட்டம், சிங்காரவேலுவுக்கு முன்னால் வந்ததும் அடங்கி, வரிசையாக நின்று, ஒவ்வொருவராக அவர் கைகளில் மல்லிகை மிதக்கிற தண்ணீரை ஊற்றியது. நம் ஊர்ப் பாட்டுக்காக இவ்வளவு நாள் நிற்கிறாரே, இந்த மரியாதையை நம்மில் யார் செய்வோம் என்று ஒரு கிழவர் அழுதார். அமிர்தவல்லி அப்போதுதான் அவர் தலையைக் கவனித்தாள். ஐப்பசியில் காதோரம் மட்டும் நரைத்திருந்த தலை முழுக்க வெளுத்திருந்தது. நிற்கிற வருடம் நடக்கிற வருடத்தைவிட வேகமாகப் போகும் போலிருக்கிறது. அன்றைக்கும் அவள் பிரசெட்டிடம் போகவில்லை. வைகாசியிலும் போகவில்லை, ஆனியிலும் ஆடியிலும் போகவில்லை. பாவம் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டே செய்கிறவர்களுக்கு நாட்கள் தனித்தனியாக நகரும், அவளுக்கும் அப்படியே நகர்ந்தன.

ஆவணி கடைசியில் ஒரு காலை அவள் வெந்நீர்த் துணியை எடுத்தபோது துணி சிவந்திருந்தது. அவருடைய வலது குதிகால் வெடித்து, வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து செருப்பில் உறைந்திருந்தது. மரம் மாதிரி நிற்கிறவருக்கு வலிக்காது என்று இத்தனை மாதமும் அவளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது, கண்ணோரத்தில் மட்டும் ஈரம். அவள் அந்த இடத்திலேயே சிமென்ட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் கால்களைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

லம்யாய்ப் பெரியம்மா உலக்கையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அமிர்தவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டுக்கு நடுவே தான் கேட்டதை, பிரசெட் வந்ததை, தான் வேண்டாம் என்றதை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பெரியம்மா குனிந்து அவர் குதிகால் ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கோபித்திருந்தால் அமிர்தவல்லிக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அந்தப் பதில் அவருடையது, அம். நீ கேட்டாச்சு. அவர் சொல்லட்டும். அது உன்னை எங்கே கொண்டுபோனாலும் போய்த்தான் ஆகணும்" என்றாள். பிறகு, "நீ போனா எனக்கும் கஷ்டம்தான்" என்றும் சொன்னாள், சொல்லிவிட்டுப் போய் உலக்கையை எடுத்து, வாடிக்கையாளர் யாரும் கேட்காமலே பப்பாளியை இடிக்க ஆரம்பித்தாள்.

பாட்டு அறுந்த அன்று சந்தையில் இருந்தவர்களைத் திரட்ட மூன்று வாரம் ஆனது. கடையை விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்தார்கள். மீன் உருண்டை விற்றவள் தன் மகளோடு வேறு மாவட்டத்துக்குக் குடிபோயிருந்தாள், அவள் விடியற்காலைப் பேருந்தில் வந்து சேர்ந்தாள். ஐஸ்காரரின் மனைவி இப்போது இல்லை, அவள் நின்ற இடத்தில் அவளுடைய பூப்போட்ட ஏப்ரனை ஐஸ்காரர் ஒரு கம்பில் மாட்டி நட்டார். யார் கையில் அப்போது என்ன இருந்தது என்று சண்டை போட்டுச் சண்டை போட்டு நினைவுபடுத்தி, கரண்டி பிடித்தவர் கரண்டியும், கத்தி பிடித்தவர் கத்தியும், பேரம் பேசியவர் அதே வாழைச்சீப்புமாக நின்றார்கள். கணவாய்க்காரி அடுப்போடு திரும்பி வர, அமிர்தவல்லி தன் வாணலியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு அவள் அன்றைக்குக் கட்டியிருந்த அதே பச்சைச் சேலையில் அவர் இடது பக்கம் போய் நின்றாள்.

ஆறு மணிக்குப் பாட்டு தொடங்கியது. சந்தை நின்றது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அதே சொல்லின் நடுவில், பிரசெட் கம்பத்தின் மேலிருந்து ஃபியூஸைப் பிடுங்கினார்.

ஒரு மூச்சு நேரம் கடல் மட்டும் கேட்டது. பிறகு லம்யாய்ப் பெரியம்மா, பள்ளிக்கூடம் விட்டு ஐம்பது வருடமாக வாய்விட்டுப் பாடாதவள், கரகரத்த குரலில் அறுந்த சொல்லின் மறுபாதியை எடுத்தாள். மீன் வரிசை சேர்ந்துகொண்டது, பழ வரிசை சேர்ந்துகொண்டது, சுருதி ஆளுக்கொரு பக்கம் போனது, மீன் உருண்டைக்காரி அழுகையோடு பாடினாள், ஐஸ்காரர் தனக்கும் மனைவிக்குமாக இரண்டு பங்கு சத்தத்தில் பாடினார். ஒரு தேசத்தின் பாட்டை அது வரைக்கும் யாரும் ஒரு தனி மனுஷருக்காகப் பாடியிருக்க மாட்டார்கள். அமிர்தவல்லிக்கும் வரிகள் தெரிந்திருந்தன, எப்போது கற்றோம் என்று தெரியாமலே கற்றிருந்தாள், கடைசி வரியை அவளும் பாடினாள். பாட்டு முடிந்தது.

சிங்காரவேலு காலை எடுத்தார்.

இடது காலைத்தான் எடுத்தார், அரையடி வைத்தார், தள்ளாடினார், அமிர்தவல்லி தோளைக் கொடுத்தாள். மழை வருகிறதா என்று மலைப்பக்கம் பார்த்தார், வானம் தெளிவாக இருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி, இப்போதுதான் கேட்ட கேள்விக்கு இப்போதே சொல்கிற குரலில் சொன்னார்.

"வர்றேன் வல்லி. இதுக்கு ஏன் இவ்வளவு யோசிச்சுக் கேக்குற? தொட்டி கெடக்கட்டும், வேற ஆளு பாத்துக்குவான். நாளைக்கே எழுதிக் குடுத்துர்றேன். உனக்கு இங்க ஒருத்தரும் இல்லங்கறது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வாயத் தொறக்காம இருந்தேன். தப்பு என்னுதுதான். போயிரலாம்."

பன்னிரண்டு வருடம் அவள் கேட்க ஏங்கிய பேச்சு அது. சுற்றிலும் நாற்பது பேர் கரண்டியும் கத்தியும் வாழைச்சீப்புமாக, பாட்டு முடிந்தும் நகராமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

"என்ன சொன்னார்?" என்று லம்யாய்ப் பெரியம்மா கேட்டாள்.

அமிர்தவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பாஷையில் சொன்னாள்.

"எனக்கு இங்கே ஒருத்தரும் இல்லையாம்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா தன் கடைக்குப் போய், தான் உட்காருகிற சிவப்பு முக்காலியை எடுத்துவந்து சிங்காரவேலுவுக்குப் பின்னால் வைத்தாள். ஐஸ்காரர் ஒன்றைக் கொண்டுவந்தார். கணவாய்க்காரி ஒன்று, மாம்பழக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்று, பிரசெட் கம்பத்திலிருந்து இறங்கி ஒன்று. கொஞ்ச நேரத்தில் மீன் வரிசைக்கும் பழ வரிசைக்கும் நடுவில் ஒரு மனுஷர் உட்கார நாற்பது முக்காலிகள் சேர்ந்துவிட்டன. சிங்காரவேலு இது என்ன கூத்து என்று புரியாமல் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லா முகமும் அவளைப் பார்க்கிற விதத்தையும் பார்த்தார்.

"உக்காருங்க" என்றாள் அமிர்தவல்லி. அவர் உட்கார்ந்தார். அவள் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். சொல்ல வேண்டியது பதினோரு மாதத்துக் கதை, எங்கிருந்தும் தொடங்கலாம். அவள் மிகக் கஷ்டமானதிலிருந்து தொடங்கினாள்.

"நான் எங்கயும் போகலீங்க. அது மொதல்ல. அடுத்தது, நீங்க பதினோரு மாசமா நின்னுட்டிருந்தீங்க. அதுல ஏழு மாசம் என்னாலதான். அப்பவே உங்கள உக்கார வெச்சிருக்கலாம். வழி தெரிஞ்சும் நான்தான் வேணாம்னேன். நீங்க பதில் சொல்லிருவீங்கன்னு பயந்துக்கிட்டு வேணாம்னேன்."

சிங்காரவேலு அவளைப் பார்த்தார். கையை உயர்த்தித் தன் வெளுத்த தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து, வெடித்த குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று சந்தையில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அதான் கால் இந்த வலி வலிக்குதா?" என்றார்.